மூன்று விலையில் எதை நம்புவது? கோவையிலிருந்து குருகிராமுக்கு வீடு மாற்றுவது பற்றி

கோவையிலிருந்து குருகிராமுக்கு மாற்றலாகிப் போகிறீர்கள். இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமான். மூன்று பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்காரர்கள் 38,000, 74,000, 88,000 என்று விலை சொல்லியிருக்கிறார்கள். மூவருமே ஐ.எஸ்.ஓ. தரச் சான்று, ஐ.பி.ஏ. (இந்திய வங்கிகள் சங்கம்) அங்கீகாரம் இருப்பதாகச் சொல்கிறார்கள். இதில் எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி, கூகுள் மதிப்புரைகளை நம்பலாமா என்பது நீங்கள் எழுதியிருக்கும் கேள்வி. ஆனால் உங்கள் மனதில் இருப்பது வேறு இரண்டு கேள்விகள் என்று நினைக்கிறேன். ஏற்றிய சாமான் உடையாமல், குறையாமல் வந்து சேருமா? பேசிய பணத்துக்கு மேல் நடுவழியில் நிறுத்தி வைத்துக்கொண்டு கேட்பார்களா? கம்பெனியின் பெயரை வைத்து இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல முடியாது. உங்கள் சாமானுக்கு எழுத்தில் பொறுப்பேற்பவர் யார், எந்தத் தாளில், எவ்வளவு தொகைக்கு என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். நான் லாரி புக்கிங் ஆபீசில் எல்.ஆர். எனும் லாரி ரசீது எழுதத் தொடங்கி, பிறகு பல வருடம் சரக்குக் காப்பீட்டு சர்வேயராக உடைந்த சாமான்களைப் பார்த்து மதிப்பிட்டவன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் இந்தத் தொழில் நடக்கும் விதம். உங்களிடம் போனில் பேசுபவர் பெரும்பாலும் விற்பனைக்கு மட்டும் இருப்பவர். இணையத் தளம் ஒன்றில் உங்கள் எண்ணைப் பதிந்த உடனே ஐந்தாறு பேர் கூப்பிட்டிருப்பார்கள். அந்தத் தளம் உங்கள் விவரத்தை அவர்களுக்கு விற்றிருக்கிறது என்று அர்த்தம். கட்டு கட்ட வருகிறவர்கள் உள்ளூர் கூலி ஆட்கள். லாரி, புரோக்கர் வழியாக வருவது. குருகிராமில் இறக்குகிறவர்கள் இன்னொரு குழு. ஆக, நான்கு கை மாறுகிறது. சொந்த லாரி, சொந்த ஆட்கள், இரண்டு ஊரிலும் சொந்த அலுவலகம் என்று நடத்துகிற கம்பெனிகள் உண்டு, ஆனால் குறைவு. லாரி சொந்தமாக இல்லாதது தானாகவே குற்றம் ஆகாது. நேர்மையாக நடத்துகிற சின்ன கம்பெனிகளும் வாடகை லாரியில்தான் அனுப்புகின்றன. கேட்க வேண்டியது, என் சாமான் ஏறும் வண்டியே குருகிராம் வரை வருமா, நடுவில் குடோனில் இறக்கி வேறு வண்டியில் ஏற்றுவீர்களா என்பது. பார்ட் லோடு, அதாவது பலருடைய சாமானை ஒரே வண்டியில் ஏற்றுவது என்றால் பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ நாக்பூரிலோ இறக்கி ஏற்றுவது சகஜம். நான் பார்த்த உடைவுகளில் கணிசமானவை ஓடுகிற லாரியில் நடந்தவை அல்ல, இப்படிக் குடோன் தரையில் நடந்தவை. காணாமல் போகிற பெட்டியும் அங்கேதான் போகும். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 14 அடி வண்டி போதும், மரச்சாமான் அதிகமென்றால் 17 அடி. முழு வண்டியாக எடுத்து, கோவையில் பூட்டி குருகிராமில் திறப்பது என்று எழுதி வாங்கினால் பாதி ஆபத்து குறையும்.

இனி விலை. கோவையிலிருந்து சேலம், பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா வழியாகக் குருகிராம் சுமார் 2,500 கிலோமீட்டர். லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 350 லிட்டருக்கு மேல் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்றால் டீசல் மட்டும் 32,000 தாண்டிவிடும். டோல், டிரைவர் படி, வண்டித் தவணை, கட்டுகிற அட்டை, பபுள் ராப், இரண்டு பக்கமும் ஆட்கூலி எல்லாம் இதற்கு மேல். அப்படியானால் தனி வண்டியில், கட்டிக்கொடுத்து, இறக்கி, பிரித்துத் தருவது எல்லாம் சேர்த்து 38,000 என்பது ஒத்துவராத கணக்கு. ஒன்று, அவர் பார்ட் லோடில் அனுப்புகிறார், அதைச் சொல்லவில்லை. அல்லது மீதியை வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கிறார். சரக்கை இறக்கிவிட்டு வடக்கே காலியாகத் திரும்பும் வண்டி ரிட்டர்ன் லோடாகக் கிடைத்தால் வாடகை நன்றாகவே குறையும் என்பது உண்மை. ஆனால் அப்படிப்பட்ட வண்டிக்கு நீங்கள் கேட்ட தேதியில் உத்தரவாதம் தர முடியாது. நீங்கள் சொன்ன தேதியில், குறைந்த விலையில், தனி வண்டியில் என்று மூன்றையும் ஒருவர் சேர்த்துச் சொன்னால் அந்த இடத்திலேயே விலகிக்கொள்ளுங்கள்.

பெயரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பிரபலமான பெயர்களை ஒட்டி, ஒரு சொல்லை மாற்றி, லோகோவின் நிறத்தைக்கூட ஒப்பாக வைத்து நாடு முழுக்கக் கடைகள் இருக்கின்றன. அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் என்று கூகுளில் தேடினால் வேறு கம்பெனிகளின் விளம்பரம் முன்னால் வருகிறது என்று அந்தப் பெயருக்கு உரிமை கோரும் டி.ஆர்.எஸ். லாஜிஸ்டிக்ஸ் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. பிறருடைய வணிகப் பெயரை விளம்பரத்துக்கான தேடுசொல்லாக விற்பதில் கூகுள் வெறும் பார்வையாளர் அல்ல என்று 2023 ஆகஸ்டில் டிவிஷன் பெஞ்ச் தீர்ப்பளித்தது. நமக்கு இதில் உள்ள பாடம், தேடலில் முதலில் வரும் எண் நாம் தேடிய கம்பெனியின் எண்ணாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான். அதேபோல ஐ.பி.ஏ. அங்கீகாரம் என்பது இந்திய வங்கிகள் சங்கம் வங்கிகளின் வசதிக்காக வைத்திருக்கும் லாரி நிறுவனப் பட்டியல். லாரி ரசீதை ஈடாக வைத்து வரும் பில்களுக்கு வங்கி பணம் கொடுக்கும்போது, ரசீது கொடுத்தவர் நம்பத் தகுந்தவரா என்று பார்ப்பதற்கானது. உங்கள் ஃபிரிட்ஜை எப்படிக் கட்டுவார்கள் என்பதற்கு அது சான்று இல்லை. பட்டியலில் இல்லாமலே அந்த முத்திரையை அச்சடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. ஐ.எஸ்.ஓ. சான்றைப் பொறுத்தவரை, அதை வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம்.

உண்மையில் உதவுவது ஜி.எஸ்.டி. எண். கொட்டேஷனில் உள்ள பதினைந்து எழுத்து எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். சட்டப்படியான பெயர், வணிகப் பெயர், பதிவான தேதி, எந்த மாநிலம், பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா எல்லாம் இலவசமாகவே தெரியும். எண்ணைப் பார்த்தே சில விஷயம் தெரிந்துவிடும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம். தமிழ்நாடு 33, கர்நாடகம் 29, ஹரியானா 06. அடுத்த பத்து எழுத்து அவருடைய பான் எண். முழு எண்ணில் ஆறாவதாக வரும் எழுத்து கம்பெனி என்பதன் 'சி' ஆக இருந்தால் பதிவு செய்த கம்பெனி, ஃபர்ம் என்பதன் 'எஃப்' ஆக இருந்தால் கூட்டு நிறுவனம், பெர்சன் என்பதன் 'பி' ஆக இருந்தால் தனிநபர். தனிநபர் நடத்துவதில் தவறில்லை. ஆனால் லெட்டர்பேடில் பிரைவேட் லிமிடெட் என்று போட்டுவிட்டு எண் தனிநபருடையதாக இருந்தால், முதல் தாளிலேயே பொய் சொல்கிறார். பதினைந்து ஆண்டு அனுபவம் என்று சொல்லும் கம்பெனியின் பதிவுத் தேதி போன மாதமாக இருந்தாலும் அப்படித்தான். அட்வான்ஸ் போடச் சொல்லும் வங்கிக் கணக்கோ யு.பி.ஐ. பெயரோ அந்தச் சட்டப் பெயரோடு ஒத்துப்போக வேண்டும். வேறு யாரோ ஒருவரின் பெயரில் வந்தால் பணம் போடாதீர்கள்.

அடுத்தது சட்டம். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. சரக்கை வாங்கி அனுப்பும் தொழில் செய்கிறவர் இதன்படி பதிவுச் சான்று வைத்திருக்க வேண்டும். புரோக்கர், ஏஜென்ட், புக்கிங் கம்பெனி எல்லாரையும் சேர்த்தே இந்தச் சட்டம் 'கேரியர்' என்கிறது. அதனால் 'நான் இடைத்தரகர்தான், லாரிக்காரரைக் கேளுங்கள்' என்ற பேச்சுக்கு இடமில்லை. அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். தடுமாறுகிறாரா, உடனே அனுப்புகிறாரா என்பதிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

இந்தச் சட்டத்தில் பலருக்கும் தெரியாத ஓர் இடம் இருக்கிறது, அதை நிதானமாகப் படியுங்கள். சரக்கு தொலைந்தாலோ சேதமானாலோ கேரியரின் பொறுப்பு, அவர் வாங்கும் சரக்குக் கட்டணத்தைப் போல் பத்து மடங்கு வரைதான். அதுவும் நீங்கள் எழுதிக்கொடுத்த மதிப்புக்கு மேல் போகாது. இதைவிட அதிகப் பொறுப்பு வேண்டுமென்றால் அதிகக் கட்டணம் பேசி முன்கூட்டியே எழுத வேண்டும். இப்போது உங்கள் 74,000 ரூபாய் பில்லைப் பாருங்கள். அதில் சரக்குக் கட்டணம் 50,000, மீதி கட்டுக்கூலி, ஏற்றிறக்குக்கூலி என்றிருந்தால் உச்சவரம்பு ஐந்து லட்சம். அதையே சரக்குக் கட்டணம் 8,000, பேக்கிங் 66,000 என்று பிரித்துப் போட்டால் உச்சவரம்பு 80,000 ஆகிவிடும். நீங்கள் கொடுக்கும் பணம் ஒன்றுதான், கிடைக்கும் பாதுகாப்பு ஆறில் ஒரு பங்கு. மதிப்பு எழுதும் இடத்திலும் 'சும்மா இருபதாயிரம் போடுங்க சார், செக்போஸ்ட்டில் கேள்வி வராது' என்பார்கள். உண்மை மதிப்பையே போடுங்கள். பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் (சரக்கு கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் ஜி.எஸ்.டி. சீட்டு) தேவையில்லை என்று ஜி.எஸ்.டி. விதியிலேயே இருக்கிறது. ஆக்ட்ராய் எனும் ஊர் எல்லை வரி, மாநில நுழைவு வரி இரண்டும் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோதே ஒழிந்தன. மதிப்பு அதிகம் எழுதினால் வரி கேட்பார்கள் என்ற பயத்துக்கு அடிப்படையே கிடையாது. எல்.ஆரில் 'ஓனர்ஸ் ரிஸ்க்' (சேதத்துக்குச் சாமான்காரரே பொறுப்பு) என்ற முத்திரை இருந்தால் அதைக் கோடிட்டு நீக்கச் சொல்லுங்கள். பழைய 1865 சட்டத்தின் கீழ் வந்த நாத் பிரதர்ஸ் வழக்கில், இப்படி எழுதிக்கொண்டாலும் கேரியரின் கவனக்குறைவுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் சொல்லியிருக்கிறது. இருந்தாலும், வழக்குப் போட்டு அதை நிலைநாட்டுவதைவிட முத்திரை இல்லாத ரசீது வாங்குவது எளிது.

காப்பீடு என்ற பெயரில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். சாமான் மதிப்பில் மூன்று சதவீதம் இன்சூரன்ஸ் என்று கொட்டேஷனில் ஒரு வரி இருக்கும். ஐந்து லட்சம் மதிப்புக்கு 15,000 ரூபாய். பணத்தை வாங்கிக்கொள்வார்கள், பாலிசி எதுவும் எடுத்திருக்க மாட்டார்கள். உடைந்த பிறகு கேட்டால், அது எங்கள் கம்பெனியின் 'ரிஸ்க் கவரேஜ்' என்பார்கள். காப்பீடு வழங்க உரிமை பெற்றவை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பதிவு பெற்ற காப்பீட்டு நிறுவனங்கள் மட்டுமே. வண்டி கிளம்பும் முன், உங்கள் பெயர், எல்.ஆர். எண், வண்டி எண், மதிப்பு நான்கும் இருக்கும் பாலிசிச் சான்று கைக்கு வர வேண்டும். வராவிட்டால் அந்த 15,000-ஐ நிறுத்தி வையுங்கள். பாலிசியிலும் வகை உண்டு. இன்லேண்ட் டிரான்சிட் 'சி' என்றால் தீ, மின்னல் மட்டும். 'பி' என்றால் அதோடு வண்டி மோதுவது, கவிழ்வது, பாலம் உடைவது சேரும். 'ஏ' என்றால்தான் உடைவு, திருட்டு எல்லாம் வரும், அதிலும் விலக்குகள் இருக்கும். வண்டி பத்திரமாக வந்து உள்ளே டிவி மட்டும் உடைந்திருந்தால் 'பி'யில் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. வீட்டுச் சாமானுக்குக் கீறல், நசுங்கல், மின்சாதனம் இயங்காமல் போவது ஆகியவற்றை ஒதுக்கி எழுதுவது வழக்கம். சரியாகக் கட்டாததால் வந்த சேதம் எந்த வகையிலும் வராது. தஞ்சாவூர் ஓவியம், பழைய ஐம்பொன் விளக்கு போன்றவற்றைத் தனியாகப் பெயர் சொல்லி, மதிப்புப் போட்டுச் சேர்க்காவிட்டால் அவற்றுக்குப் பணம் கேட்க முடியாது. என்னைக் கேட்டால், இந்த இரண்டையும் லாரியிலேயே ஏற்றாதீர்கள்.

அடுத்து, ஆள் நேரில் வந்து வீட்டைப் பார்க்க வேண்டும், குறைந்தது வீடியோ காலில் பரணைக்கூடத் திறந்து காட்ட வேண்டும். பார்க்காமல் சொல்லும் விலை பிறகு மாறும். சாமான் பட்டியலை நீங்கள் எழுதுங்கள், அவர்கள் எழுதுவதை நம்பி விடாதீர்கள். கட்டுகிற ஆட்கள் எழுதும் பட்டியலில் எல்லாப் பொருளுக்கு எதிரிலும் 'ஸ்கிராட்ச், டென்ட்' என்று வழக்கமாகவே போட்டுவிடுவார்கள். அவசரத்தில் கையெழுத்துப் போட்டால், போன வாரம் வாங்கிய வாஷிங் மெஷின்கூட ஏற்கனவே அடிபட்டது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

ஒரு சுமை இன்னும் கண்ணில் நிற்கிறது. கிரைண்டரைக் கல்லோடு சேர்த்தே அட்டை சுற்றி, பெட்டிகளுக்கு மேல் படுக்க வைத்திருந்தார்கள். வழியில் கல் வெளியே வந்து, கீழே இருந்த பெட்டியைக் கிழித்துக்கொண்டு இறங்கி, பக்கத்தில் நின்ற பீரோவின் கண்ணாடியில் முட்டியிருந்தது. பட்டியலில் 'கிச்சன் ஐட்டம், 9 பெட்டி' என்று மட்டும் இருந்தது. எந்தப் பெட்டியில் என்ன என்று காட்ட, சாமானுக்குச் சொந்தக்காரரான அம்மாளிடம் எதுவும் இல்லை. பீரோ கண்ணாடிக்குப் பரிந்துரை எழுதினேன், பெட்டிக்குள் இருந்ததற்கு எழுத வழியில்லாமல் போயிற்று. அதனால் ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போடுங்கள், மூடும் முன் உள்ளே இருப்பதைப் போனில் படம் எடுங்கள். கிரைண்டர் கல்லைத் தனியாகக் கட்டி வண்டித் தரையில் வைக்கச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜை முதல் நாளே அணைத்து உலர்த்தி, நின்ற நிலையில் ஏற்ற வேண்டும். முன்பக்கக் கதவுள்ள வாஷிங் மெஷினுக்கு டிரம்மைப் பிடித்து வைக்கும் டிரான்சிட் போல்ட் உண்டு, அதை மாட்டாமல் அனுப்பக் கூடாது. டிவிக்கு மரச்சட்டம் அடிக்கச் சொல்லுங்கள். கேஸ் சிலிண்டரை ஏற்றவே கூடாது, இணைப்பை இங்கே ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நகை, பத்திரம், சான்றிதழ், பணம் உங்கள் கையோடு வர வேண்டும்.

ஏற்றும் நாளில் வண்டி எண்ணை அரசின் எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள், எஃப்.சி. எனும் தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். டிரைவரின் எண்ணை வாங்கி, அங்கேயே ஒரு முறை கூப்பிட்டுப் பாருங்கள். பணத்தை முன்பதிவுக்குப் பத்து சதவீதம், ஏற்றியபின் பாதி, இறக்கியபின் மீதி என்று பிரித்துப் பேசுங்கள். முழுப் பணமும் முன்னாலேயே வேண்டும் என்பவர் உங்களுக்கு வேண்டாம்.

நடுவழி மிரட்டலுக்கு முன்னாலேயே தயாராக இருக்கலாம். வண்டி கிளம்பி இரண்டு நாளில் போன் வரும். எடை கூடிவிட்டது, ஸ்டேட் டாக்ஸ் கட்ட வேண்டும், டெல்லி என்ட்ரி கேட்கிறார்கள் என்பார்கள். டெல்லிக்குள் நுழையும் வணிக வண்டிகளுக்குக் கட்டணம் உண்டு என்பது மெய். ஆனால் ஆக்ராவிலிருந்து வரும் வண்டி பல்வலில் திரும்பி, டெல்லியைத் தொடாமலே மானேசர் பக்கம் போகும் எக்ஸ்பிரஸ்வே இருக்கிறது. உங்கள் முகவரிக்கு டெல்லி என்ட்ரி தேவையே இல்லை. ஒரே வரியாக, டோல், டிரைவர் படி, எந்த மாநிலக் கட்டணமும், இரு பக்க ஆட்கூலியும் இந்தத் தொகையில் அடக்கம் என்று கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். குருகிராம் அடுக்ககங்களில் உள்ளே நுழைய முன் அனுமதி, சர்வீஸ் லிஃப்ட் நேரம், வண்டி அளவுக் கட்டுப்பாடு என்று இருக்கும். அதை இப்போதே அங்கே விசாரித்து எழுத்தில் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் வாசலில் சின்ன வண்டிக்கு மாற்ற வேண்டும் என்று தனிப்பணம் கேட்பார்கள், அந்த இடத்தில் அவர்கள் கேட்பதில் நியாயம்கூட இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் சாமானைப் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கேட்டால், போனில் வாதாடாதீர்கள். பேசிய தொகை, கேட்கும் தொகை இரண்டையும் வாட்ஸ்அப்பில் எழுத்தில் வரவழையுங்கள். ஒப்படைக்கப்பட்ட சரக்கைக் கேரியர் மோசம் செய்வது, இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவில் ஏழாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அந்தப் பிரிவைக் குறிப்பிட்டுப் புகார் கொடுக்கப் போகிறேன் என்று எழுதி அனுப்பினாலே பலர் இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். போலீஸ் எவ்வளவு வேகமாக அசையும் என்பது மட்டும் ஊருக்கு ஊர் மாறும், அதற்கு நான் உறுதி சொல்ல மாட்டேன். 'இது சிவில் தகராறு' என்று நிறைய பேர் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார்கள்.

கூகுள் மதிப்புரைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐந்து நட்சத்திரங்களைப் படிக்க வேண்டாம், ஒன்று, இரண்டு நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். தாமதம் என்ற புகார் எல்லாருக்கும் வரும். வழியில் பணம் கேட்டார்கள் என்று இரண்டு பேர் எழுதியிருந்தாலே போதும், விட்டுவிடுங்கள். நண்பர் சொன்ன கம்பெனி என்பதும் பாதி உத்தரவாதம்தான், அடுத்த முறை வருகிற ஆட்களும் லாரியும் வேறு. நான் சொன்னதெல்லாம் உள்நாட்டு லாரிப் பயணத்துக்கு. வெளிநாட்டுக்குக் கப்பலில் அனுப்புவது வேறு துறை, அதில் எனக்கு அனுபவம் போதாது.

உங்கள் மூவரில் 38,000-காரரை விட்டுவிடுங்கள். 74,000, 88,000 இருவரையும் வீட்டுக்கு வரச் சொல்லி, தனி வண்டி, சரக்குக் கட்டணம் தனியாகக் காட்டிய பில், சட்டப்படியான பதிவு எண், உங்கள் பெயரில் பாலிசி இந்த நான்கையும் கேளுங்கள். நான்கையும் எழுத்தில் தருபவர் 88,000-காரராக இருந்தால் அந்த 14,000 வித்தியாசம் வீண் செலவு அல்ல. பணம் இழுக்கிறது என்றால் சாமானைக் குறையுங்கள். பழைய கட்டில், பிளைவுட் அலமாரி எல்லாம் 2,500 கிலோமீட்டர் கொண்டுபோகத் தகுந்தவை அல்ல. டிசம்பர், ஜனவரி என்றால் வடக்கே மூடுபனியில் லாரி ஊர்ந்துதான் போகும், இரண்டு மூன்று நாள் கூட்டியே வைத்துக்கொண்டு அதற்கேற்ப ரயிலோ விமானமோ பதிவு செய்யுங்கள். சாமான் வந்ததும் டெலிவரி ரசீதில் 'நல்ல நிலையில் பெற்றேன்' என்று எழுதிக் கொடுக்காதீர்கள். எண்ணிப் பார்த்து, உடைந்ததையும் குறைந்ததையும் அந்தத் தாளிலேயே எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்கி, படம் எடுத்து, அன்றே கம்பெனிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். கேரியர் மேல் வழக்குப் போடும் எண்ணம் இருந்தால், புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் இழப்பைக் குறித்து எழுத்து மூலம் நோட்டீஸ் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். டெலிவரி தேதியிலிருந்து எண்ணக் கூடாது, எல்.ஆரில் உள்ள தேதியிலிருந்து எண்ணுங்கள். ஸ்பீட் போஸ்டில் ரெஜிஸ்ட்ரேஷன் வசதியோடு அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரமாக வையுங்கள்.